மீட்டர் சரி

வலது தோள் இறுகிப்போய் மூன்று மாதமாகச் சாரட்டுக்காரரால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சட்டை போட்டுவிடவே ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அது முன்னைவிட நன்றாகவே வேலை செய்தது.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டு அவர் நிறுத்தி வைத்திருந்த கார் அவரைவிட மூன்று வயது மூத்தது. உருண்ட மூக்கும் பாலாடை நிறமுமாக இருக்கும். ஒரு டாக்டர் ஓட்டிக் கெடுத்துக் கோழி அடைய விட்டிருந்ததை வாங்கி வந்து, ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து உயிர் கொடுத்தார். அதில் ஏறி, முப்பது கிலோமீட்டர் வேகத்தில், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அவர் தெருவில் போகிற தோரணையைப் பார்த்து யாரோ வைத்த பெயர்தான் சாரட்டுக்காரர். கிண்டலாக வைத்த பெயரைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டார்.

வருஷம் ஒருமுறை பழைய கார் சங்கத்தார் ஒரு ஓட்டம் வைப்பார்கள். நூறு கிலோமீட்டர். முந்துகிற போட்டி இல்லை. இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை நாற்பது வேகம், அதற்கப்புறம் முப்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வழியில் நான்கு இடத்தில் கடிகாரத்தோடு ஆள் நிற்பார்கள். ஒரு விநாடி முன்னால் வந்தாலும் தப்பு, பின்னால் வந்தாலும் தப்பு. போனையெல்லாம் புறப்படும் முன்பே பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். வண்டியில் பிறந்ததிலிருந்து இருக்கிற மீட்டரைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

"வேகமா ஓட்ட எந்தப் பயலாலும் முடியும். சொன்ன வேகத்துல ஓட்டச் சொல்லு பார்க்கலாம்" என்பார் சாரட்டுக்காரர். பதினோரு வருஷம் ஓட்டி இரண்டு தடவை இரண்டாவதாக வந்தவர். இத்தனைக்கும் அந்தக் கார் மீட்டரில் ஒரு முள்ளாவது உண்மை பேசியதில்லை. வேகமுள் கூட்டிச் சொல்லும். பெட்ரோல் முள்ளும் என்ஜின் சூட்டு முள்ளும் குறைத்துச் சொல்லும். அதை ஒரு குறையாகவே அவர் நினைக்கவில்லை. மூன்று பொய்யும் அவருக்கு மனப்பாடம். அதுதான் அவர் வித்தை.

இதில் விசேஷம் என்னவென்றால், அவர் பெண்டாட்டி மீட்டர் ரிப்பேர்க்காரி. அவர் பஸ் ஓட்டிய அதே டெப்போவில், மீட்டர் பிரிவில், இருபத்தாறு வருஷம். ஊரே அவளை மீட்டரம்மா என்றுதான் கூப்பிடும். இப்போதும் எங்கெங்கிருந்தோ பழைய வண்டிக்காரர்கள் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு மேஜை, அதில் ஒரு சின்ன மோட்டார், இடுக்கிகள், உருப்பெருக்கிக் கண்ணாடி. ஊரான் வீட்டு மீட்டரெல்லாம் அந்த மேஜைக்கு வந்து போயிற்று. பத்தடி தள்ளி வாசலில் நின்ற காரின் மீட்டர் மட்டும் வரவில்லை. அவர் தொட விடமாட்டார்.

காரணம் ஒரு நோட்டு. டெப்போவில் வண்டியைத் திருப்பி விடும்போது கோளாறு இருந்தால் டிரைவர் நோட்டில் எழுத வேண்டும். பார்த்த பிரிவு அதற்குக் கீழே பதில் எழுதும். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பு, மீசை முளைத்த திமிரில் இருந்த நம் சாரட்டுக்காரர், 'மீட்டர் வேகம் அதிகம் காட்டுகிறது, சரி செய்யவும்' என்று எழுதிவிட்டுப் போனார். புதிதாக வேலைக்கு வந்திருந்த இவள் கழற்றி மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, 'மீட்டர் சரி. டிரைவர் அதிகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டெப்போ முழுக்க ஒரு வாரம் கை கொட்டிச் சிரித்தது. சண்டை போட வந்தவர் மீட்டர் பிரிவு ஜன்னலில் நின்றார். மறுநாளும் வந்து நின்றார். எட்டு மாதத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. ஆனால் அந்த வரியை மட்டும் அவர் மன்னிக்கவில்லை.

இந்த வருஷம் தோள் மக்கர் பண்ணியதால் ஸ்டியரிங் மகள் கைக்கு வந்தது. அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். அப்பா செல்லமாக 'சைரன்' என்று கூப்பிடுவார். ஓட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில், ரொட்டியும் முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அப்பாவும் மகளும் மோதிக்கொண்டார்கள்.

"பக்கத்துல நான் உட்கார்ந்திருப்பேன்ல? நீ ஏன் பயப்படுற? நாப்பத்தஞ்சு காட்டினா நாப்பது. அறுபத்தேழு காட்டினா அறுபது. அவ்வளவுதான்."

"முப்பத்தஞ்சு போகணும்னா எவ்வளவு காட்டணும்?"

"முப்பத்தொம்பது. கொஞ்சம் கூட."

"கொஞ்சம் கூடன்னா?"

"அது கண்ணுக்குத் தெரியும்மா."

"உங்க கண்ணுக்குத் தெரியும்ப்பா. நான் ரோட்டப் பார்ப்பேனா, வாய்ப்பாடு சொல்லிட்டு இருப்பேனா?" என்றவள், அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, நீயே சொல்லு. இந்த முள்ளைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

மீட்டரம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தவள் மாதிரி அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"முடியுமான்னு என்னைக் கேட்கிறியே, நான் என்ன இத்தனை வருஷம் பூவா கட்டிட்டு இருந்தேன்? வண்டிக்குச் சொந்தக்காரர் கேட்கணும்."

சாரட்டுக்காரர் டீயைக் குடித்தார். மறுபடி குடித்தார். தம்ளரில் டீ தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"வேண்டாம்னா விடுங்கப்பா. நான் வரல. வண்டி கூரைக்கடியிலேயே நிக்கட்டும்" என்றாள் மகள்.

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. "சரி, பண்ணட்டும்" என்றார் அவர், சுவரைப் பார்த்து. "ஆனா ஒண்ணு. உள்ள இருக்கிற எதையும் மாத்தக்கூடாது. இருக்கிறத வெச்சே சரி பண்ணணும். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு முள்ளு ஒரே ஒரு தடவை தப்பாக் காட்டட்டும், திங்கக்கிழமை எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடணும். அப்புறம் இந்த ஜென்மத்துல என் வண்டி மீட்டர் பக்கம் வரக்கூடாது."

"சரி. தப்பாக் காட்டலேன்னா?"

"காட்டலேன்னா பார்க்கலாம்."

"பார்க்கலாம்ங்கிற கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம். மீட்டர் சரின்னு உங்க கையால எழுதிக் கொடுக்கணும். நோட்டுல எழுதினீங்கள்ல, அந்த மாதிரி."

அவர் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே மீட்டரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டாள். ஐம்பத்தாறு வயதில், கால் வெளியே, உடம்பு உள்ளே என்று படுத்து ஸ்க்ரூ கழற்றுவது லேசா? இடுப்பு கத்தியது. அவள் காதில் வாங்கவில்லை.

முதலில் வேகமுள். கழற்றுவதற்கு முன்பே, ரோட்டோரக் கல் கணக்கில் பத்து கிலோமீட்டர் மகளை ஓட்டச் சொல்லித் தூரம் காட்டும் எண்ணைப் பார்த்தாள். பத்துக்குச் சரியாகப் பத்து ஓடியிருந்தது. ஆக, டயரும் பல்சக்கரமும் யோக்கியம். முள்தான் பொய்யன். டயலின் அடியில் பொடி எழுத்தில் 640 என்று போட்டிருந்தது. கிலோமீட்டருக்கு அறுநூற்று நாற்பது சுற்று. நிமிஷத்துக்கு அத்தனை சுற்று சுற்றினால் முள் அறுபதில் நிற்க வேண்டும். மேஜை மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டாள். அறுபத்தேழில் போய் நின்றது.

"பார்த்தியா? அறுபத்தேழுன்னா அறுபது. நான் சொன்னேன்ல?" கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சாரட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி நின்றிருந்தார்.

"பொய்யைச் சரியாச் சொன்னீங்க. உண்மைய நான் சொல்ல வைக்கிறேன். வெளிச்சத்த மறைக்காதீங்க."

உள்ளே காந்தம் சுற்றும். அதன் மேல் கவிழ்ந்த அலுமினியக் கிண்ணத்தை அது தன்னோடு இழுக்கும். தலைமயிர் மாதிரி ஒரு சுருள்வில் 'போதும் நில்' என்று பிடித்து நிறுத்தும். அந்த வில்தான் வயசாகித் தளர்ந்திருந்தது. இதை இறுக்குவதற்கு ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். இரண்டு மயிரிழை நகர்த்தினால் எல்லாம் போச்சு. மீட்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டாள். சுற்றவிட்டாள். அறுபத்துமூன்று. மறுபடி தொட்டாள். ஐம்பத்தெட்டு. "அடச்சே, அவசரக் குடுக்கை" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பதினேழாவது தடவை முள் அறுபதில் போய் நின்றது. இருபதுக்கும் நாற்பதுக்கும் எண்பதுக்கும் சுற்றவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கோட்டின் மேலும் கோடு போலவே நின்றது.  எத்தனையோ ஆயிரம் மீட்டர் பார்த்தாயிற்று, இது தன் வீட்டு மீட்டர்.

திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். டார்ச் லைட்டை இடது கையில் பிடித்து வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார். எப்போது வந்து பிடித்தார் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னங்க, எப்படி?"

"ம்" என்றார். அந்த 'ம்' மூன்று விதமாக அர்த்தம் பண்ணிக்கொள்ளத் தக்கது.

பெட்ரோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் ஒரே நோய். இரண்டுக்கும் மின்சாரத்தை அளந்து கொடுக்கிற தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அதன் வாய் கறுத்துப்போய்க் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. சுரண்டிச் சுத்தம் பண்ணியதும் இரண்டு முள்ளும் பசி தீர்ந்த மாதிரி எழுந்து நின்றன. ஆனாலும் அவள் விடவில்லை. சூட்டு முள்ளுக்குச் சூட்டை உணர்த்துகிற குமிழைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பக்கத்தில் வெப்பமானியை வைத்துச் சரிபார்த்தாள். பால் காய்ச்சுகிற பாத்திரத்தை எடுத்ததற்காக அன்றைக்குத் தன்னைத்தானே சத்தம் போட்டுக்கொண்டாள். பெட்ரோல் டாங்கைக் காலி பண்ணி, லிட்டர் லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு ஐந்து லிட்டருக்கும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். கால் கோட்டில் நின்றால் பத்து லிட்டர். அடிக்கோட்டில் படுத்தால் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை, அளப்பதற்கு ஊற்றிய பெட்ரோலில் பெட்ரோல் பங்கு வரை போகிற அளவை மட்டும் விட்டு மீதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, முகத்தில் சோப்பு நுரையோடு இடது கையால் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னாள்.

"ஏங்க, கேட்டுக்குங்க. பழைய கணக்கெல்லாம் மறந்துடுங்க. இனிமே நாப்பதுன்னா நாப்பது. கால்னா கால். காலின்னா காலி."

"ம்ம்" என்றார், கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய மைதானம். ஓட்டம் புறப்படுவதும் அங்கேதான், முடிவதும் அங்கேதான். காரில் அப்பாவும் மகளும் முன்னால் போய்விட, மீட்டரம்மா பிளாஸ்க்கில் டீயும் பொட்டலத்தில் ரொட்டியும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதற்குள் இருபத்துமூன்று வண்டியும் புறப்பட்டுப் போயிருந்தன.

சங்கத்துச் செயலாளர் எந்நேரமும் தொப்பியோடு இருக்கிற மனுஷர். சாமியானா நிழலில் உட்கார்ந்து, வழியில் நிற்கிற ஆட்கள் போனில் சொல்வதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் மீட்டர் பார்த்தீங்களாமே" என்றார் சிரித்துக்கொண்டு. "தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த வயசு வண்டியில மீட்டர்ங்கிறது கையில பச்சை குத்தின கடிகாரம் மாதிரி. அழகுக்கு இருக்கும். மணி பார்க்க முடியாது."

"மணி பார்க்கலாம் சார். கொஞ்ச நேரம் பொறுங்க" என்றாள்.

முதல் இடத்திலிருந்து செய்தி வந்தது. இவர்கள் வண்டி ஒரு விநாடி பின்னால். செயலாளர் புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது இடம், சரியாக வந்தது, பூஜ்யம். மூன்றாவது இடம், ஒரு விநாடி முன்னால். நான்காவது, பூஜ்யம். பலகையில் அந்த எண்களை எழுதிவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அவருக்குத் தலையில் முடியே இல்லை என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"யாரு ஓட்டுறது? சாரட்டுக்காரரா?"

"என் பொண்ணு" என்றாள் மீட்டரம்மா. பிறகு பொறுக்க முடியாமல், "என் மீட்டர்" என்றும் சொன்னாள்.

வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து கோட்டைத் தாண்ட ஆரம்பித்தன. பச்சை வண்டி வந்தது, நீல வண்டி வந்தது, கூரையில்லாத வண்டி வந்தது. இவர்கள் வர வேண்டிய நிமிஷம் வந்தது. வண்டி வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பின்னால் புறப்பட்டவர்களெல்லாம் வந்து டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று.

"முள்ளு எங்கயாவது சிக்கியிருக்கும்" என்று யாரோ ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

மீட்டரம்மா செய்த வேலையை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தாள். வில்லின் ஸ்க்ரூவை இறுக்கினோமா? இறுக்கினோம். கேபிளுக்கு எண்ணெய் விட்டோமா? விட்டோம். அந்தத் தீப்பெட்டி டப்பா? அதுதான், அதன் வாய் மறுபடி ஒட்டியிருக்கும். சூட்டு முள் எழும்பாமல், என்ஜின் கொதித்து, வண்டி வெந்துபோய்... ஐயோ, அந்த மனுஷன் ஆறு வருஷம் உட்கார்ந்து கட்டிய வண்டியாயிற்றே! நிபந்தனையாவது மண்ணாவது, அவர்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தால் போதும் என்று நினைத்தாள். அடுத்த நொடியே, இல்லை, என் வேலை தப்பாக இருக்காது, இருக்கவே இருக்காது என்று தலையை ஆட்டிக்கொண்டாள். பிளாஸ்க்கை அங்கேயே போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றாள்.

வளைவில் முதலில் தெரிந்தது உருண்ட மூக்குதான். என்ஜின் சத்தம் இல்லை. ஸ்டியரிங்கில் மகள். பின்னால், இடது தோளைக் கொடுத்து, உடம்பைச் சாய்த்து, வேர்த்து ஊற்ற ஊற்றத் தள்ளிக்கொண்டு வருகிறவர் சாரட்டுக்காரர். அவரோடு கைகொடுத்து ஒரு பால் வண்டிக்காரர். அவள் ஓடினாள்.

"என்ன ஆச்சு? கொதிச்சுடுச்சா? எந்த முள்ளு?"

சாரட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தள்ளிக்கொண்டே இருந்தார். அதுவே அவளைப் பயமுறுத்தியது.

மகள் தலையை வெளியே நீட்டினாள். முகத்தில் சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியவில்லை. "பெட்ரோல் இல்லம்மா."

"பெட்ரோல் இல்லையா?"

"நேத்து சாயங்காலம் பெட்ரோல் பங்குக்குப் போனோமே, அப்பா முள்ளையே பார்த்துட்டு இருந்தார். கால் கோட்டுக்கு வந்ததும் போதும் நிறுத்துன்னார். போதுமாப்பான்னு கேட்டேன். பதினோரு வருஷமா இதே கோட்டுக்குத்தான் போடுறேன், கூடப் போட்டா வண்டி கனம் ஏறிடும்னார்."

"கால்னா பத்து லிட்டர்தானே! லிட்டருக்குப் பத்துப் பதினொண்ணு கிலோமீட்டர்தான் ஓடும், வீட்டுலேர்ந்து இங்க வரவே ஆறு!"

"கேளு. நாலாவது இடம் தாண்டினதும் முள்ளு அடியில படுத்துடுச்சு. அப்பா, காலிங்கறேன். காலி காட்டினா இன்னும் எட்டு லிட்டர் இருக்கும், நீ ஓட்டுங்கறார். அம்மா காலின்னா காலின்னாங்களேன்னு சொல்றேன். எனக்குத் தெரியாததா, ஓட்டு ஓட்டுன்னார். ஓட்டினேன். அந்தப் புளியமரத்துக்கிட்ட நின்னுடுச்சு. முக்கால் கிலோமீட்டர் தள்ளிட்டு வர்றாரு."

மீட்டரம்மா புருஷனைப் பார்த்தாள். திட்டுவதற்கு ஒரு மூட்டை வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்ததும் அதை முழுங்கிவிட்டு, புடவையை வரிந்துகொண்டு, பின்னால் போய் அவர் பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ள ஆரம்பித்தாள். வண்டி கோட்டைத் தாண்டியபோது பத்தொன்பது நிமிஷம் தாமதம். கடைசி இடம்.

மைதானத்தில் எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். செயலாளர் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். தாமதமானால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. "இயந்திரக் கோளாறுன்னு எழுதிடுங்க சார். கௌரவமா இருக்கும்" என்றார் மெதுவாக.

சாரட்டுக்காரருக்குக் கையை உயர்த்தி எழுத முடியாது. காரின் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். எழுதி முடித்துச் செயலாளர் கையில் கொடுத்தார். அவர் சத்தமாகவே படித்துவிட்டார்.

'மீட்டர் சரி. ஓட்டியவள் சரி. பக்கத்தில் உட்கார்ந்தவன் தப்பு.'

 மைதானமே சிரித்தது. மகள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன சார் இது? இதெல்லாம் ஒரு காரணமா?" என்றார் செயலாளர். "கௌரவமா எழுதச் சொன்னேன்."

"கௌரவமாத்தான்யா எழுதியிருக்கேன்" என்றார் சாரட்டுக்காரர். "முப்பத்தோரு வருஷம் லேட்டு. அதுக்கு ஒரு கட்டம் இருக்கா உங்க தாள்ல?"

மீட்டரம்மா தாளை வாங்கிப் படித்தாள். இரண்டாம் தடவை படிக்கும்போது எழுத்து கலங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டு வாங்கினாள். டெப்போ நோட்டில் எழுதுகிற வழக்கப்படி, அவர் எழுதியதற்கு நேர் கீழே, 'பார்த்தேன். சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பச்சை வண்டிக்காரர் ஒரு கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோல் கொண்டுவந்தார். சாரட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்துறதுக்கு முன்னாடி இங்க வாங்க. செயலாளர் சார், நீங்களும் வாங்க. தொப்பியக் கழட்டிட்டு உள்ள குனிஞ்சு பாருங்க. இப்ப முள்ளு எங்க இருக்கு? அடியில. அஞ்சு லிட்டர் ஊத்தினா, அடிக்கும் காலுக்கும் நட்ட நடுவுல வந்து நிக்கும். ஒரு மயிரிழை தப்பினா என்னை என்னன்னு கேளுங்க."

"இப்ப மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றாள் மீட்டரம்மா.

"நீ பேசாம இரு. நான் சொல்லிட்டு இருக்கேன்ல?" என்றவர், கூட்டத்துப் பக்கம் திரும்பினார். "வெளியில கொடுத்துப் பண்ணினது இல்லைங்க. எங்க வீட்டுல பண்ணினது."

பெட்ரோல் இறங்கியது. மகள் சாவியைத் திருப்பினாள். முள் சோம்பல் முறித்து எழுந்து, மெல்ல ஏறி, நட்ட நடுவில் வந்து நின்றது. எட்டிப் பார்த்தவர்களை விலக்கி, பின்னால் நின்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதைக் காட்டிக்கொண்டிருந்தார் சாரட்டுக்காரர்.